கோயில் மேளத்துக்குச் சட்டையைக் கழற்ற வேண்டும், கையில் ஊசித் தழும்பு: போகலாமா?

வலந்தலை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே ஒரு வருஷமாகப் படிக்க மட்டும் செய்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 34 வயது. வலங்கைமான் பக்கம், குடமுருட்டிக் கரையில் ஒரு ஊர். தவில் வாசிக்கிறவன். அப்பாவும் தவில், தாத்தாவும் தவில். எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் வைகாசி உற்சவத்துக்கு மேளம் எங்கள் வீட்டு முறை. அப்பா 2019இல் போய்ச் சேர்ந்தார். 2020இல் அந்த இடத்தில் நான் நின்றிருக்க வேண்டும். கொரோனா வந்தது, உற்சவமே நடக்கவில்லை. கல்யாணமும் இல்லை. தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களை வைத்து வருஷத்தை ஓட்டுகிற வீடு எங்களுடையது. கையில் இருந்தது தீர்ந்ததும், சரி என்று குறுவை அறுப்புச் சமயத்தில் நெல் கொள்முதல் நிலையத்துக்கு மூட்டை தூக்கப் போனேன். ஒரு சிப்பம் 40 கிலோ. தவிலைத் தோளில் மாட்டிக்கொண்டு நாலு வீதி சுற்றுகிற உடம்புதானே, தாங்கும் என்று நினைத்தேன்.

இருபது நாளில் இடுப்பு போய்விட்டது. கூட வேலை பார்த்த பையன் ஒரு வலி மாத்திரை கொடுத்தான். அது அபின் குடும்பத்து மருந்து என்பதெல்லாம் அப்போது தெரியாது. வலி மட்டும் போகவில்லை. அப்பா இல்லாதது, கடன், வாசிக்காமல் சும்மா கிடந்த கை, எல்லாமே ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டது. முகூர்த்தங்கள் திரும்பி வந்தபோது நான் மாத்திரையிலிருந்து ஊசிக்குப் போயிருந்தேன். அந்தக் கதையை விவரமாக எழுதப் போவதில்லை. இரண்டு விஷயம் மட்டும் சொல்ல வேண்டும். அப்பாவின் தவிலை விற்றேன். நல்ல பலாக்கட்டை, தாத்தா காலத்துக் கட்டை. யாரிடம் விற்றேன் என்று விசாரித்துப் போய், அக்கா தன் தோட்டை அடகு வைத்து அதை மீட்டு வந்தாள். இன்னும் அவள் வீட்டுப் பரண்மேல் துணி சுற்றி இருக்கிறது. நான் கேட்கவில்லை. எடுத்துக்கொள் என்று அவளும் சொல்லவில்லை. இன்னொன்று, இடது முன்கையின் உள்பக்கம். மடிப்பிலிருந்து கீழே ஒரு சாண் நீளத்துக்குக் கறுத்த கோடு, நடுவில் இரண்டு குழித் தழும்பு. விவரம் தெரிந்தவன் பார்த்தால் என்ன என்று கேட்கவே மாட்டான்.

போன புரட்டாசியில் அத்தான் என்னைத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போய்ச் சிகிச்சையில் சேர்த்தார். எட்டு மாதம் ஆகிறது. புப்ரெனார்பினும் நலாக்சோனும் சேர்ந்த மாத்திரை. நாக்குக்கு அடியில் வைத்துக் கரைய விட வேண்டும். ஆரம்பத்தில் தினமும் போய் அவர்கள் கண்முன்னால் வைத்துக்கொண்டேன், இப்போது வியாழன்தோறும் ஒரு வாரத்துக்கு வாங்கி வருகிறேன். ஊசி இல்லை. வியர்வை அதிகம், மலச்சிக்கல் உண்டு, வேறு தொந்தரவு இல்லை. கை நிற்கிறது. தவிலில் சொல் சுத்தமாக விழுகிறது என்று நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, ஆனால் விழுகிறது.

அப்புறம் என்ன குறை என்று கேட்பீர்கள். மாத்திரை கரைய எட்டு, பத்து நிமிஷம் ஆகும். அதுவரை பேசக் கூடாது. விடியற்கால முகூர்த்தம் என்றால் நாலரைக்கு மண்டபத்தில் இருக்க வேண்டும், நான் மாத்திரை வைக்கிற நேரமும் அதுதான். உலகத்தில் உள்ள அத்தனை பேருக்கும் அப்போதுதான் என்னிடம் பேச்சு வரும். காபி வேண்டுமா, சுருதிப் பெட்டி எங்கே, வேன்காரனுக்குப் பணம் கொடுத்தாயா. நான் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டுவேன். ஒரு நாள் எங்கள் செட்டு நாயனக்கார மாமா, "வாய்க்குள்ள என்ன தம்பி?" என்றார். வெற்றிலை என்று சைகை காட்டினேன். "எனக்கும் ஒண்ணு மடி" என்று கையை நீட்டிவிட்டார். என்னிடம் வெற்றிலைக்கு எங்கே போக? பாத்ரூமுக்குப் போகிறவன் மாதிரி ஓடினேன். காலையில் முகம் கொடுத்துப் பேச மாட்டான், திமிர் பிடித்தவன் என்று செட்டில் இப்போது எனக்குப் பெயர். அந்தப் பெயர் இருக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். மற்றப் பெயருக்கு இது எவ்வளவோ மேல்.

மற்றப் பெயர் எது என்றால், சிகிச்சைக்குப் போன புதிதில் ஓர் இடத்துக்குப் பல் பிடுங்கப் போனேன். ஊர், பேர் வேண்டாம். என் பழைய சீட்டை வாங்கிப் பார்த்தவர் உள்ளே திரும்பி, "இது ஊசி கேஸு" என்று குரல் கொடுத்தார். பின்னால் வரிசையில் எங்கள் தெருக்காரர். பல்லோடு திரும்பி வந்துவிட்டேன். இன்னும் வலிக்கிறது. வலி மாத்திரை போடவும் பயம்.

வீட்டில் யாரும் எதுவும் சொல்வதில்லை. அதுதான் கஷ்டம். அம்மா பால் பணம் எண்ணிக்கொண்டிருக்கும்போது நான் உள்ளே நுழைந்தால் அவர் எண்ணுவதை நிறுத்துவதில்லை, மறைப்பதில்லை. நான்தான் வெளியே வந்துவிடுகிறேன். சவரம் பண்ணும்போது கண்ணாடியில் கழுத்துக்கு மேலே மட்டும் பார்க்கப் பழகியிருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த திங்கள் கொடியேற்றம். கல்யாணத்துக்கு முழுக்கை ஜிப்பா போட்டுச் சமாளித்துவிடுகிறேன். கோயிலில் அது நடக்காது. வேட்டி, இடுப்பில் துண்டு, வெற்றுடம்பு. பத்து நாள். சாமி புறப்பாட்டுக்கு மல்லாரி வாசிக்கும்போது நான் நிற்கிற இடத்தில் ஊரே நிற்கும், விளக்கு முழுக்க என்மேல். இத்தனை வருஷமும் ஏதேதோ காரணம் சொல்லி வெளியூர் செட்டைப் பிடித்துக் கொடுத்துவிட்டேன். இந்த வருஷம் நாயனக்கார மாமா, "முறைக்காரன் இருக்கும்போது வெளியாள் எதுக்கு?" என்று தர்மகர்த்தாவிடமே சொல்லிவிட்டார்.

போகலாமா? கையில் கட்டுப் போட்டுக்கொண்டு போகலாமா? மாமாவிடம் மட்டுமாவது சொல்லிவிடலாமா?

அத்தான் வேறு சொல்கிறார்: "ஒண்ணை விட்டுட்டு ஒண்ணைப் புடிச்சிருக்க. இதையும் விட்டுட்டுச் சுத்தமா கோயில் படி ஏறு." என்னைப் பிழைக்க வைத்தவர் அவர். அதனால் டாக்டர் சொல்வதைவிட அவர் சொல்வதுதான் காதில் நிற்கிறது. கொடியேற்றத்துக்கு முன்னால் மாத்திரையை நிறுத்திவிடலாமா என்றும் ஓடுகிறது. நான் இப்போது விட்டவனா, விடாதவனா? உண்மையாகவே தெரியவில்லை.

—

சிப்பம்40 எழுதியது:

தம்பி, நான் மன்னார்குடி பக்கம். நானும் லோடுமேன்தான், 19 வருஷம். எனக்கு மாத்திரை இல்லை, சரக்கு. ஆறு வருஷமாகத் தொடவில்லை. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்கு வாரம் இரண்டு நாள் போகிறேன்.

கட்டுப் போடாதே. தழும்பைப் பத்துப் பேர் பார்ப்பான், அதில் ஒருத்தன் கேட்பான். கட்டை நூறு பேர் பார்ப்பான், நூறு பேரும் கேட்பான். நான் ஒரு தடவை குடித்துவிட்டு விழுந்து மண்டையில் கட்டுப் போட்டிருந்தேன். லாரி மோதியது என்று சொன்னேன். சாயங்காலத்துக்குள் எந்த லாரி, வண்டி நம்பர் என்ன என்று கேஸ் போடக் கிளம்பிவிட்டான் மச்சினன்.

ஆனால் மாத்திரை விஷயத்தில் உன் அத்தான் பக்கம்தான் எனக்கும் கொஞ்சம் மனசு சாய்கிறது. தப்பாக நினைக்காதே. எங்கள் கூட்டத்தில் எழுந்து நின்று பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடி அடிமை" என்று சொல்லித்தான் பேச்சையே ஆரம்பிப்போம். முதல் நாள் அது வாயில் வரவில்லை. வந்த நாளிலிருந்துதான் எனக்குத் தூக்கம் வந்தது. மறைக்கிற வரைக்கும் அது உன்னை விடாது. மாத்திரையும் ஒரு மறைப்புத்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம். டாக்டர் படிப்பு நமக்கு இல்லை, தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

—

ஓய்வு சிஸ்டர் எழுதியது:

நாகப்பட்டினத்திலிருந்து எழுதுகிறேன். நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கடைசி 11 வருஷம் போதை சிகிச்சை வார்டு.

வலந்தலை, முதலில் ஒன்று. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை நிறுத்தினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இது உடம்பில் மெதுவாக இறங்குகிற மருந்து. செவ்வாய், புதன் வாக்கில்தான் ஆரம்பிக்கும்: ஓயாத கொட்டாவி, மூக்கில் நீர், மயிர் சிலிர்ப்பு, வயிற்றுப்போக்கு, காலில் குடைச்சல். சரியாக உற்சவத்தின் நடுவில். தவிலை மாட்டிக்கொண்டு உங்களால் நிற்க முடியாது. அந்த நேரத்தில் யாராவது பழைய ஊசி மருந்தை நீட்டினால் கை போகும். இத்தனை மாதத்தில் பழைய அளவைத் தாங்குகிற சக்தி உடம்புக்குக் குறைந்திருக்கும். அந்த அளவையே போட்டு மூச்சு நின்று போனவர்களை நான் வார்டில் பார்த்திருக்கிறேன். பயமுறுத்தச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

"ஒண்ணை விட்டு ஒண்ணு" என்பதை நான் ஆயிரம் தடவை கேட்டாயிற்று. அத்தான்மார்கள், மாமனார்கள், சில சமயம் டாக்டர்களே சொல்வார்கள். நம் ஊர் ஆளுக்கு மதகை வைத்துச் சொன்னால் புரியும். நீங்கள் ஊசியில் போட்ட மருந்து ஷட்டரை முழுசாகத் தூக்கிவிடுவது. வயல் முழுகும், நாலு மணி நேரத்தில் வடிந்து காய்ந்து வெடிக்கும், மறுபடி தூக்கச் சொல்லும். புப்ரெனார்பின் அதே மதகில்தான் போய் உட்காருகிறது, ஆனால் ஷட்டரைக் கொஞ்சம் உயர்த்தி அங்கேயே பூட்டிவிடும். ஒரு அளவுக்கு மேல் மாத்திரையைக் கூட்டினாலும் தண்ணீர் கூடாது. பூட்டு கெட்டியாக இருப்பதால் அதே வகையில் வேறு மருந்து வந்தாலும் எளிதில் அசைக்க முடியாது. நாள் முழுக்க ஒரே மட்டம். அதனால்தான் உங்கள் கை நிற்கிறது. நலாக்சோன் எதற்கு என்றால், நாக்கடியில் வைத்தால் அது பெரும்பாலும் வேலை செய்யாது. அதையே கரைத்து ஊசியில் ஏற்றினால் வேலை செய்து, பழக்கப்பட்ட உடம்பை உலுக்கிவிடும். உலக சுகாதார நிறுவனம் இந்த மருந்தை 2005இலேயே அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. எத்தனை காலம் சாப்பிடுவது, எப்போது குறைப்பது என்பது உங்கள் டாக்டரும் நீங்களும் உட்கார்ந்து பேசி முடிவு செய்வது. கொடியேற்றத் தேதியை வைத்து இல்லை.

சிப்பம் அண்ணன் சொன்னதில் பாதி எனக்குச் சரி. நின்று சொல்வது உங்களுக்குப் பலம் கொடுத்தது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் சரக்கும் இதுவும் உடம்புக்குள் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. மாத்திரை சாப்பிடுகிறவன் விடாதவன் என்று சில கூட்டங்களில் ஓரமாக உட்கார வைத்து, அவமானத்தில் நிறுத்தி, மறுபடி விழுந்தவர்களை எனக்குத் தெரியும்.

பல்லுக்கு: பாராசிட்டமால் சாதாரண அளவில் நீங்கள் போடலாம். பல் டாக்டரிடம் புப்ரெனார்பின் சாப்பிடுகிறேன் என்று கட்டாயம் சொல்லுங்கள், மரத்துப்போகும் ஊசிக்கு அது தடையில்லை. இன்னொன்று, அந்த மாத்திரை கரைந்த பிறகு ஒரு வாய் தண்ணீரைச் சுழற்றி விழுங்குங்கள், ஒரு மணி நேரம் கழித்துப் பல் துலக்குங்கள். நாக்கடி மாத்திரையால் பல் கெடுவதாகச் சில வருஷம் முன்பு எச்சரிக்கை வந்திருக்கிறது. ஊசி போட்டவர் என்பதால் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி மூன்றும் பார்த்திருப்பார்கள். பார்க்கவில்லை என்றால் பாருங்கள். ஹெபடைடிஸ் சி இப்போது பெரும்பாலோருக்கு 12 வாரம் மாத்திரையில் குணமாகிவிடுகிறது, 2018இலிருந்து அரசுத் திட்டத்தில் இலவசம். மண்டபங்களில் வாத்தியக்காரர்களுக்குப் பின்கட்டில் பாட்டில் வரும் பழக்கம் உண்டே, அதை மட்டும் தொடாதீர்கள். இந்த மாத்திரையோடு மதுவும் தூக்க மாத்திரையும் சேர்ந்தால் மூச்சுக்கு ஆபத்து.

"ஊசி கேஸ்" என்று கத்தினார்களே, அது சட்டப்படியும் தப்பு. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதையால் வரும் மனநிலைக் கோளாறுகளையும் தன் வரம்புக்குள் வைத்திருக்கிறது. சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்கக் கேட்பது உங்கள் உரிமை. ஆனால் நான் நல்லவள் மாதிரி இதை எழுதிவிட்டுப் போக முடியாது. முதல் நாலைந்து வருஷம் நானும் "அந்த மூணாம் பெட் அடிக்ட்" என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். ஒரு பயிற்சியில் 2010இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வைச் சொன்னார்கள். மனநலப் பணியாளர்கள் 500க்கும் மேற்பட்டவர்களிடம் ஒரே நோயாளியைப் பற்றிய குறிப்பைக் கொடுத்தார்கள். பாதிப் பேருக்குக் கொடுத்ததில் அவர் போதைப்பொருளைத் துஷ்பிரயோகம் செய்பவர். மீதிப் பேருக்குக் கொடுத்ததில் போதைப்பொருள் பயன்பாட்டுக் கோளாறு உள்ளவர். மற்றதெல்லாம் ஒன்றுதான். முதல் குறிப்பைப் படித்தவர்கள்தான், தப்பு அவன்மேல், தண்டித்தால்தான் திருந்துவான் என்ற பக்கம் அதிகம் சாய்ந்தார்கள். படித்தவர்கள், அதே வேலையில் இருப்பவர்கள். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூணாம் பெட் பையனுக்கு அதற்குள் டிஸ்சார்ஜ் ஆகியிருந்தது.

வேறு யாராவது இதைப் படித்துக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் இருந்தால் 14446க்குக் கூப்பிடுங்கள். மத்திய அரசின் இலவச எண்.

—

குடவாசல் வாத்தியார் எழுதியது:

தமிழ் வாத்தியாராக இருந்தவன். சிப்பம் அவர்கள் எழுதிய ஒரு சொல்லில் நின்றுவிட்டேன்: அடிமை.

நாம் எல்லோரும் யோசிக்காமல் "போதைக்கு அடிமை" என்று எழுதுகிறோம். செய்தித்தாளில் அப்படி, காவல் துறை விளம்பரப் பலகையில் அப்படி. ஆனால் இந்தச் சொல் நம் ஊரில் வெறும் சொல்லாக இருந்ததில்லை. எங்கள் ஊரிலிருந்து சைக்கிளில் போகிற தூரம்தான் திருப்பாம்புரம். அங்கே மூன்றாம் குலோத்துங்கன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. பஞ்சத்தில் ஒரு வேளாளர் தன்னையும் தன் இரண்டு பெண்களையும் 110 காசுக்கு விற்றுக்கொண்ட செய்தி. அப்படிக் கோயிலுக்குப் போனவர்களின் உடம்பில் சூலக்குறி பொறிக்கும் வழக்கமும் சோழர் கல்வெட்டுகளில் வருகிறது. ஆங்கிலத்தில் இந்த இழிவுப் பார்வைக்கு ஸ்டிக்மா என்கிறார்களே, அதன் கிரேக்க மூலத்துக்கும் உடம்பில் குத்தியோ சுட்டோ இட்ட குறி என்றுதான் பொருள். அடிமைக்கும் குற்றவாளிக்கும் இட்டது. வலந்தலை தன் கையைப் பற்றி எழுதியதைப் படித்தபோது எனக்கு இந்த இரண்டும்தான் நினைவுக்கு வந்தன. இன்னும் கிட்டத்தில் வந்தால் என் தாத்தாவே பண்ணையாள். 1952இல்தான் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. எங்கள் வீட்டில் யாரையும் விளையாட்டுக்குக்கூட அடிமை என்று சொல்ல அப்பா விடமாட்டார்.

அதனால் என் மகனைச் சிகிச்சையில் சேர்த்தபோது விண்ணப்பத்தில் "எந்தப் போதைக்கு அடிமை" என்ற கட்டத்தை நிரப்ப என் கை ஓடவில்லை. கஞ்சாவில் ஆரம்பித்து அவனும் மாத்திரையில்தான் வந்து நின்றான். சொல்லைப் பார்த்துத் தயங்கியவன் செய்கையில் தயங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவன் திரும்பி வந்த அன்று ராத்திரி என் மணிபர்ஸைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தேன். விடிகாலையில் எழுந்து பார்க்கிறேன், அவன் என்னையே பார்த்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான். ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மூன்று வருஷம் ஆகிறது. இப்போது திருப்பூரில் வேலை. போனில் பேசும்போது ஒவ்வொரு தடவையும் அது என் தொண்டையில் வந்து நிற்கிறது.

உங்கள் அம்மா எண்ணுவதை நிறுத்துவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அம்மாவை எனக்குத் தெரியாது. ஆனால் நான் செய்யாததை அவர் செய்கிறார். ஒரு நாள் வெளியே வராமல் அங்கேயே உட்கார்ந்து பாருங்கள்.

—

ஒத்துக்காரன் எழுதியது:

நானும் நம்ம தொழில்தாண்ணே, மாயவரம். ஒரு யோசனை. கோயில்தானே? நெற்றியில் மட்டும் போடாமல் தோள், முழங்கை, முன்கை எல்லாம் பட்டை பட்டையாகத் திருநீறு குழைத்துப் போட்டுக்கொண்டு நில்லுங்கள். பெரியவர்கள் அந்தக் காலத்தில் அப்படித்தானே நிற்பார்கள். யார் என்ன கேட்கப் போகிறார்கள், பக்தி முற்றிவிட்டது என்பார்கள்.

—

வெண்ணாறு எழுதியது:

என் வீட்டுக்காரரும் இதே மாத்திரையில்தான் இருக்கிறார், இரண்டு வருஷமாக. நான் சொல்ல வந்தது கையைப் பற்றி இல்லை. அக்காவிடம் தவிலைக் கேளுங்கள். அவர் சும்மா வைத்திருக்கிறார் என்று நினைக்கிறீர்களா? என் வளையலை மீட்டுக் கொடுத்த பிறகும் அதைப் பற்றி என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தார். எனக்கு வளையல் வந்தது பெரிதாக இல்லை, அவர் வாயைத் திறக்காததுதான் பெரிதாக இருந்தது. வந்து கேட்கட்டும் என்றுதான் நான் காத்திருந்தேன். உங்கள் அக்காவும் அப்படி இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். கேட்டால்தானே தெரியும்.

—

சிப்பம்40 எழுதியது:

சிஸ்டர் சொன்னதைப் படித்தேன். மதகு விஷயம் எனக்குப் புரிந்தது. தம்பி, நான் சொன்னதை அந்த அளவில் விட்டுவிடு, மாத்திரையை நிறுத்தாதே. வாத்தியார் ஐயா, அடிமை என்று சொல்வதை நான் நிறுத்தப் போவதில்லை. எங்கள் தாத்தாவும் பண்ணையில் இருந்தவர்தான். அவரை அடுத்தவன் சொன்னான், என்னை நான் சொல்லிக்கொள்கிறேன். எனக்கு அதில் வித்தியாசம் தெரிகிறது. ஆனால் தம்பிக்கு அது வேண்டாம் என்றால் வேண்டாம்.

—

வலந்தலை எழுதியது (11 நாள் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. நாலாம் நாள் புறப்பாடு முடிந்ததும் எழுத உட்கார்ந்தேன், தூக்கம் வந்துவிட்டது. நேற்றுக் கொடி இறக்கியாயிற்று.

மாத்திரையை நிறுத்தவில்லை. அத்தானிடம் மதகுக் கதையைச் சொன்னேன். ஷட்டர், பூட்டு எல்லாம் கேட்டுவிட்டு, "சாவி யாருகிட்ட இருக்கு?" என்றார். டாக்டரிடம் என்றேன். "அப்ப வர்ற வியாழக்கிழமை நானும் வர்றேன்" என்றார். வந்தார். ஒரு மணி நேரம் டாக்டரைக் கேள்வி கேட்டார், பின்னால் காத்திருந்தவர்கள் என்னைத்தான் முறைத்தார்கள்.

கொடியேற்றத்துக்கு முந்தின நாள் அக்கா வீட்டுக்குப் போனேன். கேட்க வாய் வரவில்லை. காபி குடித்துவிட்டுக் கிளம்பும்போது, "பரண்ல ஏதோ இருக்கே" என்று சொல்லித் தொலைத்தேன். அக்கா மகன் ஏறி இறக்கிக் கொடுத்தான். அக்கா சமையலறையிலிருந்து வெளியே வரவில்லை. உள்ளேயிருந்து, "தோல் போயிருக்கும், மூட்டு புதுசாப் போட்டுக்க" என்றாள். மூட்டு என்பது வளையத்தில் பூட்டிய தோல். அதை மாற்ற நேரம் இல்லை. அப்படியே கொண்டு போனேன்.

ஒத்துக்காரரே, திருநீறு யோசனையை நம்பிக் கை முழுக்கக் குழைத்துப் போட்டேன். எனக்கு மாத்திரையால் வியர்வை அதிகம் என்பதை இரண்டு பேருமே மறந்துவிட்டோம். தெற்கு வீதி திரும்புவதற்குள் மொத்தமும் வழிந்து வேட்டியில். டியூப் லைட் வெளிச்சத்தில் கை பளிச்சென்று இருந்தது. பார்த்தார்கள். ஒருவர் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார். எனக்கு அந்த இடத்தில் இரண்டு சொல் தப்பியது. ஒரு சின்னப் பையன் நேராகவே, "அது என்னண்ணே காயம்?" என்றான். பழைய காயம் என்றேன். வலிக்குதா என்றான். இல்லை என்றேன். போய்விட்டான்.

மாமாவிடம் நான் சொல்லவேயில்லை. முதல் நாள் புறப்பாடு முடிந்து மண்டபத்தில் உட்கார்ந்திருந்தோம். அவர் என் கையைப் பார்த்தது எனக்குத் தெரியும், ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் அப்பாவின் தவிலைப் பார்த்தார். குச்சியால் அடிக்கிற தொப்பிப் பக்கம் விரலால் ஒரு தட்டுத் தட்டினார்.

"எறங்கிக் கெடக்குடா. நாளைக்கு வர்றதுக்கு முன்னால வாரைப் புடி" என்றார்.

பிடித்தேன். பாதி ராத்திரி ஆயிற்று, அக்கா மகன் ஒரு பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டான். தவில் கற்றுக்கொள்ள வேண்டும் என்று இப்போது அவன் ஒரு பக்கம் பிடுங்குகிறான், அதற்கு அக்கா என்ன சொல்வாளோ.

சிஸ்டர், ஒரு சந்தேகம். மாத்திரையை ராத்திரி படுக்கும்போது வைத்துக்கொள்கிற மாதிரி நேரத்தை மாற்ற முடியுமா? ஆவணியில் பதினோரு முகூர்த்தம் பேசியிருக்கிறோம், எல்லாம் விடியற்காலை. வியாழக்கிழமை டாக்டரிடமும் கேட்கிறேன். பல்லை இன்னும் பிடுங்கவில்லை.